மிஸ்டர் சங்கிலி

என் மாமனார் இறந்து சில வருஷங்கள் கழித்து, டார் எஸ் சலாமில் கடலோரத்தில் இருக்கிற ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். மனு போட்டது அவர் இல்லை, என் கணவர். மேலே டையும் கீழே கைலியுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இன்டர்வியூவில் பதில் சொன்னது என் கணவர்தான். விமானத்தில் ஜன்னல் சீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, நடு சீட்டில் முழங்கையை மடக்கி ஒடுங்கி உட்கார்ந்து வந்ததும் அவரேதான். ஆனால் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் இருந்தது என் மாமனாரின் பெயர்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் ஒருத்தனுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, தீர்ந்தது கதை. எஸ். இளம்பரிதி. அந்த எஸ் எதற்கு என்று சாகிறவரைக்கும் யாரும் கேட்கப்போவதில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு அது பற்றாது, குடும்பப் பெயர் கொண்டா என்பான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? விசா வாங்கித் தந்த ஏஜென்ட் எஸ்ஸைப் பிரித்து சங்கிலி ஆக்கி, பின்னால் கொண்டுபோய் ஒட்டவைத்தான். ஆக அவர் இளம்பரிதி சங்கிலி. எனக்குப் பின்னால் புருஷன் பெயர் நிற்பதால் நான் ஹேமலதா இளம்பரிதி. மகளுக்குப் பின்னால் அப்பா பெயர் நிற்பதால் அவள் செம்மலர் இளம்பரிதி. அந்தப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை என்பதால் அவர் மிஸ்டர் சங்கிலி, நான் மிஸஸ் இளம்பரிதி. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு வேறு குடும்பத்துக்காரர்களாக ஆனோம். பள்ளி ஆபீஸில் இருந்த நீமா என்கிற பெண், ரொம்ப நாசூக்காக, "மேடம், இது உங்களுக்கு இரண்டாவது திருமணமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"முதலாவதே இன்னும் முடிந்தபாடில்லை" என்றேன்.

சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்தார். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் ரசம் கேட்டால்கூட ரெண்டு தெருவுக்குக் கேட்கும். இடது கை மோதிர விரலில் பாதியை மில் பெல்ட் தின்றிருந்தது. மிச்சப் பாதியை நீட்டித்தான் எல்லாரையும் அதட்டுவார். என் மாமியார் அந்தப் பெயரை வாயில் எடுக்காமலே போய்ச்சேர்ந்த மகராசி. கழுத்தில் கிடந்ததை 'உருப்படி' என்பார். ஒரு தடவை ரயிலில் யாரோ ஏற முடியாமல் தொங்கியபோது, "அய்யா, எங்க வீட்டுக்காரரப் பிடிச்சு இழுங்கய்யா, வண்டி நிக்கும்" என்று கத்தி, பெட்டி முழுக்க அவர் வீட்டுக்காரரைத் தேடியதாகக் கதை உண்டு.

நான் கான்வென்ட்டில் படித்தவள், இந்தக் கூத்தெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பயமும் இல்லை, பக்தியும் இல்லை. 'என்னங்க' போதுமானதாக இருந்தது. சண்டை என்றால் சிஸ்டர்கள் எங்களை அதட்டின தொனியில் "லிசன்" என்பேன், அதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். அவர் என்னை ஹேமா என்பார். அதட்டவும் ஹேமாதான், கொஞ்சவும் ஹேமாதான், கண்ணாடியைக் காணோம் என்றாலும் ஹேமாதான். நான் பேசினால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு முடிக்கிறவரை கேட்பார், காபியில் சர்க்கரை போட்டால் தொடமாட்டார்.

அவர் ஊரை விட்டு வந்ததே ஒரு பெயருக்காகத்தான். எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கியபோது சங்கரன்கோவிலில் பேசிக்கொண்டது, 'சங்கிலி மவன் பாஸாயிட்டான்.' எனக்குத் தாலி கட்டியபோது, 'சங்கிலி மவனுக்கு இங்கிலீஷ் பொண்ணு.' அப்பா செத்த வீட்டிலும், 'சங்கிலி மவன்தான் கொள்ளி வைக்கான்.' "இந்தக் கடலைத் தாண்டிப் போனாத்தான் எனக்குன்னு ஒரு பேர் இருக்கறது நாலு பேருக்குத் தெரியும் ஹேமா" என்றார். தாண்டினோம். அங்கே மகன் என்கிற வார்த்தையையும் எடுத்துவிட்டார்கள்.

காலையில் வாசல் கேட்டில் காவல்காரர் மிஸ்டர் சங்கிலி என்றார். வகுப்பில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பிள்ளைகள் மிஸ்டர் சங்கிலி, மிஸ்டர் சங்கிலி என்று கையைத் தூக்கினார்கள். பிரின்சிபால் அம்மா மிஸ்டர் சங்கிலி என்று புன்னகைத்தாள். ஒலிபெருக்கியில் மிஸ்டர் சங்கிலி, கதவுப் பலகையில் மிஸ்டர் சங்கிலி, பிறந்தநாள் கேக்கில் வெள்ளைக் கிரீமில் மிஸ்டர் சங்கிலி. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி விடாமல் அந்தப் பெயர் அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை நாள்தான் ஒருத்தர் நனையாமல் இருக்க முடியும்.

ஒரு நாள் காலையில் டை கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஹேமா, இதைக் கொஞ்சம் பாரு."

இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. வெகு காலத்துக்கு முன்னாலேயே ஆறிப்போன தழும்பு, நுனியில் தோல் சுருங்கி, மாங்கொட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. எப்பவோ போன மாதிரி இருக்கு."

மோதிரத்தை வலது கைக்கு மாற்றினோம், டையை நான் கட்டிவிட்டேன், அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அன்று மத்தியானம் எனக்குக் குக்கர் கேஸ்கெட் போய்விட்டது, டார் எஸ் சலாமில் கேஸ்கெட் தேடுவதிலேயே பொழுது போயிற்று. பிறகு காதில் முடி வளர்ந்தது. பிறகு குரல் கனத்தது. பிறகு உயரம் குறைந்தது. மாமனார் குள்ளம், இவர் அம்மா வழியில் வளர்ந்தவர். வாராவாரம் பேன்ட்டுகளைப் பிரித்து மடித்துத் தைத்தேன். தைத்துத் தைத்து விரல் காய்த்துப்போனது. "என்னங்க, லிசன், ஒரேயடியாக் குறைஞ்சு தொலைங்க, வாராவாரம் என்னால தைக்க முடியாது" என்று எரிந்து விழுந்தேன். "நானா ஹேமா குறையறேன்?" என்றார். அவர் என்னை ஹேமா என்று கடைசியாகக் கூப்பிட்டது அந்தப் பேன்ட் விஷயமாகத்தான்.

பள்ளிக்கூடத்துக்கு இதில் கொள்ளை சந்தோஷம். இளம்பரிதி வகுப்பெடுத்தால் முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்கும். சங்கிலி எடுத்தால் பக்கத்துக் கட்டிடத்துக்கும் கேட்டது. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத மனிதர், மில் சத்தத்தில் வாடிக்கையாளர்களோடு கையாலேயே பேசிப் பழகியவர். அதே பாஷையில் கையை விரித்து, மூடி, அரைத்து, சலித்து, கொட்டிக் காட்டினார். எது எதோடு சேரும், எது சேராது, எது சூடானால் பொங்கும் என்பதெல்லாம் கொரியாப் பிள்ளைக்கும் பெல்ஜியப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். "மிஸ்டர் சங்கிலி ஒருவழியாகத் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்" என்று பிரின்சிபால் அம்மா என் தோளைத் தட்டி, ஒப்பந்தத்தை நீட்டித்துத் தந்தாள். வெள்ளைக்காரர்களின் பாராட்டில் ஒரு சௌகரியம், அழுதுகொண்டே கேட்டாலும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் குடியிருப்பின் காவலாளி ஜுமா அதற்கு முன்னால் அவரிடம் "ஹபாரி" என்று சமவயசுக்காரனைக் கேட்கிற மாதிரி நலம் விசாரிப்பான். ஒரு நாள் எழுந்து நின்று "ஷிகாமூ" என்றான். அந்த ஊரில் அது வயதானவர்களுக்கு மட்டும் சொல்கிற வணக்கம். என் கணவர் யாரும் சொல்லித்தராமலே "மரஹபா" என்று பெரிய மனிதர் மாதிரி ஏற்றுக்கொண்டார். மறுநாள் தெருமுனை மாம்பழக்காரி ஷிகாமூ என்றாள், பஜாஜ் ஆட்டோ ஓட்டுகிற பையன்கள் ஷிகாமூ என்றார்கள். ஒருத்தராவது முந்தாநாள்வரை இங்கே நடமாடிய உயரமான மனிதன் எங்கே என்று கேட்கவில்லை. என்னைத்தான் எல்லாரும் 'மாமா செம்மலர்' என்றார்கள். நம்ம ஊர் மாமா இல்லை, அங்கே மாமா என்றால் அம்மா.

வேற்று ஊர்க்காரர்கள் கேட்கவில்லை, சரி. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போனோம். சங்கச் செயலாளர் கதிரேசன், என் கணவரோடு அதுவரை வாடா போடா என்று சீட்டாடினவர், வாசலில் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தார். "இந்த ஊர்ல நமக்கெல்லாம் பெரியவங்கன்னு யாருமே இல்லாம இருந்துச்சுங்கய்யா" என்று கண் கலங்கினார். குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். அவரும் சங்கிலி என்றே வைத்துவிட்டு வந்தார், பாவம் அந்தக் குழந்தை. கதிரேசன் மனைவி விசாலி என்னைப் பாயசம் ஊற்றுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"குடுத்து வச்சவங்க செம்மலர் அம்மா நீங்க. எங்க மாமனார் உயிரோட இருந்தப்பவே எங்கிட்ட ஒரு வாய்க் காபி வாங்கிக் குடிச்சதில்ல. உங்களுக்குச் செத்தும் வந்திருக்காரு."

"அப்ப என் புருஷன் எங்க விசாலி?"

அவள் பாயசத்தைக் கிண்டினாள். "முந்திரி அடியில தங்கிருச்சு" என்றாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருத்தராவது கெட்டவராக இருந்தால் போய்க் கத்திவிட்டு வரலாம்.

ஆபீஸுக்குப் போய்க் கத்தலாம் என்று போனேன். இவர் பெயர் இளம்பரிதி, இனிமேல் மிஸ்டர் இளம்பரிதி என்று கூப்பிடுங்கள், அட்டையை மாற்றுங்கள் என்றேன். நீமா கம்ப்யூட்டரில் தேடினாள்.

"இளம்பரிதி என்று இங்கே ஒருவர்தான் இருக்கிறார் மேடம். பத்தாம் வகுப்பு மாணவி."

"அது என் மகள்."

"ஆமாம், நல்ல பெண்" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். கால்பந்து அணிப் படத்தில் செம்மலர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இளம்பரிதி என்பதை அத்தனை சின்ன முதுகில் அடக்க எழுத்துகளைப் பொடிப்பொடியாக்கியிருந்தார்கள். ஆடுகிறவர்கள் அவளைப் பரிதி என்று கூப்பிடுகிறார்கள் என்றாள் நீமா. காலேஜில் அவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "மேடம், அப்பா பேர் அப்பா பேராத்தானே இருக்கு, இதுல தப்பு எங்க வந்துச்சு?" என்றான். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விண்ணப்பம் அனுப்புகிறேன், சார் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். அதை மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, தமிழில் 'வே. சங்கிலி' என்று கையெழுத்துப் போட்டார். அந்த வே யார் என்று எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார்.

"எங்க போறீங்க?"

"நான் இங்ஙன ஹால்ல படுத்துக்கிடுதேன் மருமவளே. எம் மவன் வாரவரைக்கும் நீ கதவைத் தாப்பா போட்டுக்க. ஊரு புதுசு."

அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விட்டுவிட்டுப் போனதில்லை. கண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. சங்கிலி முரடர்தான், ஆனால் மருமகளிடம் ஒரு நாளும் முறை தவறினவர் இல்லை. பாய்க்குப் பதில் கார்பெட்டில் படுத்து, பாதி விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். அதன் பிறகு நான் வாயைத் திறந்தால் 'மாமா' என்றுதான் வந்தது. முதலில் வீம்புக்காக 'என்னங்க' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னை இல்லை என்று முடிவுசெய்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினார்.

மாமாவோடு வாழ்வது கஷ்டமில்லை. கிசுட்டு மார்க்கெட்டில் ஒரு வார்த்தை சுவாஹிலி தெரியாமல் கத்தியே பாதி விலைக்கு மாங்காய் வாங்கிவந்தார். குழாய் ஒழுகினால் சரிபண்ணினார். என்னை 'இங்கிலீஷ் மருமவ' என்று ஜுமாவிடம் பெருமை பேசினார். செம்மலர் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு எதுவும் பழகிவிடுகிறது. அவள் இப்போதெல்லாம் ரொம்ப அமைதியாகிவிட்டாள், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், சர்க்கரை போடாத காபி கேட்கிறாள். பரீட்சைக் காலம் என்று நானும் விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையைக் கவனிக்கிற அளவுக்குப் புருஷன் தொலைந்தவளுக்கு ஏது பொழுது?

சாயங்காலங்கள்தான் தாளவில்லை. மாமா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முகம் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய் உட்கார்ந்துவிடுவார். மகனுக்காக. ஆபீஸ் முடிந்து வருகிற கார்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்ப்பார். ஜுமாவும் எட்டிப் பார்ப்பான். தேடுகிற ஆள் யார் என்று அவனுக்குத் தெரியாது, மரியாதைக்குப் பார்ப்பான். நான் காபி டம்ளரோடு நிற்பேன். அவர் வயிற்றுக்குள்ளேயே எங்கேயோ நிற்கிற மனிதனுக்காக அவரோடு சேர்ந்து நானும் தெருவைப் பார்ப்பேன்.

"பள்ளிக்கொடம் விட்டு எம்புட்டு நேரமாச்சு. இவன் எங்க போய்த் தொலைஞ்சான்" என்றார் ஒரு நாள்.

"வந்துருவார் மாமா."

"தெனமும் இதத்தான சொல்லுத." டம்ளரை வாங்கிக்கொண்டார். குரல் தணிந்திருந்தது. "எம் மேல கோவமா இருக்கானோ என்னமோ. சின்னதுல ரொம்பத்தான் அதட்டிட்டேன். ஒரு பய அவன் பேரச் சொன்னதில்ல எங்க ஊருல, எம் பேரத்தான் சொன்னான். எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அவனுக்கு எப்படி இருந்துச்சோ."

அவர் குடித்து முடித்த டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நீ ஒரு சத்தம் குடேன் தாயி. பேரச் சொல்லிக் கூப்புடு. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

சங்கரன்கோவில் மாவு மில் சங்கிலி, மருமகள் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட அனுமதி தந்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து, பிள்ளை பெற்று, சட்டைக்குப் பட்டன் தைத்து, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர் அது. புதுச் செருப்பு மாதிரி வாயில் கடித்தது. தெருவில் பஜாஜ்கள் போய்க்கொண்டிருந்தன, நம்ம ஊரிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போய்த் தங்கிவிட்ட காக்கைகள் பாதாம் மரத்தில் கத்திக்கொண்டிருந்தன, அடுத்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். யார் பார்த்தால் எனக்கென்ன என்று, சிஸ்டர்கள் சொல்லித்தந்த மாதிரி முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கூப்பிட்டேன்.

"இளம்பரிதி."

தெருவில் ஒருத்தரும் திரும்பவில்லை. மாமாவும் திரும்பவில்லை, அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது.

மேலே எங்கள் வீட்டு பால்கனிக் கதவு திறந்தது. செம்மலர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்பந்துச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. வாயிலிருந்த பேனா மூடியைப் பதறாமல் எடுத்துச் சட்டைப் பையைத் தேடி, அந்தச் சட்டையில் பை இல்லாததால் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்ன ஹேமா?" என்றாள். "இங்கதானே இருக்கேன். எதுக்கு இப்படிக் கத்தற?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. "வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டா என்னைய இங்ஙன காக்க வச்சான், கூறுகெட்ட பய" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை மடக்கப் பார்த்து, அது மடங்காத நாற்காலி என்பதால் அப்படியே தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். ஜுமாவும் யாரோ வந்துவிட்டார் என்று தெரிந்து சிரித்தான்.

நான் கேட்டிலேயே நின்றேன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவளுக்கு அம்மா, அவருக்கு மருமகள், அந்தக் குடும்பத்து மிஸஸ் என்று இருந்தேனே தவிர, அந்தப் பேன்ட்டுக்குப் பிறகு ஒரு வாய் என்னை ஹேமா என்று சொன்னதில்லை. காதுக்குள் அது குளிர்ந்த தண்ணீர் மாதிரி இறங்கிற்று. அவள் கம்பியில் சாய்ந்து, தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருக்கிற அந்தப் பொறுமையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போடி, போய் முகம் கழுவு, சட்டையை மாற்று, அம்மா என்று கூப்பிடு என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.